கிருபாவதி அம்மாள் திருத்திய கணக்கு

ஞாயிறு ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வண்டிக்காரர் வேலப்பன் வாசலில் வந்து நின்று, "நர்சம்மா, நம்ம டாக்டரம்மா போயிட்டாவ" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உடம்பின் சுரப்பிகளைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவர், தம் சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் ஊசி போட மட்டும் மறந்துவிடுவார். ஞாபகப்படுத்தினால், "நீ எனக்க மாமியாரா?" என்பார்.

அடக்கத்தன்று பேசியவர்கள் டாக்டர் கிருபாவதி அம்மாளைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். அவரோடு பிரசவ வார்டில் நின்ற உங்களுக்கு உண்மை தெரியும். பிள்ளையில்லை என்று மனைவியை மட்டும் உள்ளே தள்ளிவிடும் கணவர்களை, "ஒம்மகிட்ட கொற இல்லேன்னு யாரு பாத்தது? நீரும் உள்ள வாரும்" என்று கூடமே கேட்கும்படி கூப்பிடுவார். முறைத்துக்கொண்டு கிளம்பும் அந்த மனிதர்களை வாசல்வரை ஓடிச் சமாதானப்படுத்தியது நான்.

கடியப்பட்டணத்துப் பிலோமியை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். மீன்பிடிக்கும் சவரிமுத்துவின் மனைவி. இதயம் பலவீனம், இன்னொரு பிரசவம் ஆபத்து. அக்காலத்துப் புத்தகங்கள் சொன்னபடி, தீட்டையொட்டிய நாள்களில்தான் கரு தங்கும், மாதத்தின் நடுப்பகுதிக்குப் பயமில்லை என்று டாக்டரம்மா அவளுக்கு விளக்கினார். அவளும் அப்படியே நடந்தாள். ஆனாலும் கருவுற்றாள். பிள்ளை பிழைத்தது, அவள் மாதக்கணக்கில் மூச்சுக்குத் தவித்தாள். நாள் பார்க்கத் தெரியாதவள் என்று வீடே அவளைத் திட்டியது.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு மருத்துவப் பத்திரிகையை வாசித்துக்கொண்டிருந்த டாக்டரம்மா அதை மேசையில் வீசினார். "பெட்டை நாய்க்கு ரெத்தம் படுகதப் பாத்து பொம்பளைக்குக் கணக்கு எழுதி வச்சிருக்கானுவ!" நாய்க்கு இரத்தம் படுவதையொட்டித்தான் கரு தங்கும்; பெண்ணின் தீட்டையும் அப்படியே எண்ணிவிட்டார்கள். பெண்ணுக்கோ மூளைக்கு அடியிலுள்ள சிறிய சுரப்பி இரத்தத்தில் அனுப்பும் ஹார்மோன் சூலகத்தைத் தூண்டுகிறது, அடுத்த தீட்டுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு முட்டை வெளிப்படுகிறது. நாங்கள் பயமில்லை என்று சொன்ன நாள்களே கரு தங்கும் நாள்கள்.

"வண்டி கட்டச் சொல்லு. பிலோமிகிட்ட சொல்லணும்."

ஆஸ்பத்திரிப் பொறுப்பிலிருந்த பெரிய டாக்டர் தடுத்தார். நானும் தடுத்தேன். "ஒலகத்துல எல்லா டாக்டருந்தானே தப்பாச் சொன்னாவ? நாம போய்ச் சொன்னா நாளைக்கு யாரு இங்க வருவாவ?"

"ஒலகம் அவகிட்ட சொல்லல்ல. நான்தான் சொன்னேன். வண்டியில ஏறு."

வெயிலில் வழியெல்லாம் நான் முணுமுணுத்துக்கொண்டே போனேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சவரிமுத்து வலையை விரித்துப் பொத்தல்களைத் தைத்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அவரையும் அருகில் அழைத்துப் புதிய கணக்கைச் சொன்னார். "பிலோமி சரியாத்தான் நாள் பாத்தா. தப்பு எனக்க பேருல."

சவரிமுத்து கையிலிருந்த ஊசியை எறிந்தார். "எனக்க பொண்டாட்டி செத்திருந்தா யாருகிட்ட வந்து சொல்லியிருப்பிய?"

"ஒம்மகிட்டத்தான்."

அவர் வலையை அப்படியே போட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டார். பிலோமி திருப்பித் திருப்பி ஒன்றையே கேட்டாள்: "அப்போ நான் கணக்கு தப்பவே இல்லியா, டாக்டரம்மா?" இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு பக்கத்து வீட்டிலிருந்த மாமியாரைக் கூப்பிட்டு, "அவிய சொல்லுகதக் கேளுங்க" என்றாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

நான் பயந்ததும் நடந்தது. கொஞ்ச காலம் அந்தக் கரையிலிருந்து யாரும் எங்களிடம் வரவில்லை. அதற்காகவும் அவரிடம் சண்டை போட்டேன். பிறகு வந்தார்கள், முதலில் வந்தவள் பிலோமியின் நாத்தனார்.

இப்போது நாள் கேட்டு வரும் பெண்களிடம், "இண்ணைக்கு எங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். மாறினா நானே வந்து சொல்லுவேன்" என்கிறேன். பலருக்கு அது பிடிப்பதில்லை. உறுதியாகச் சொல்லும் வேறு ஆளைத் தேடிப் போகிறார்கள். எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த வாக்கியத்தை என்னால் விட முடியவில்லை. டாக்டரம்மா எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான்.