மேடம் குடித்த சீனித்துளசி டீ

என் கைப்பையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா எப்போதும் கிடக்கும். திறந்தால் பச்சைப் பொடி. டீயில் சர்க்கரைக்குப் பதிலாகப் போட, சீனித்துளசி இலையை நிழலில் காயவைத்து இடித்தது. டப்பாவைக் கொடுத்தவர் எங்கள் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்த மேடம்.

முப்பத்தைந்து வயதில் எனக்குச் சர்க்கரை வந்தது. அதே வியாதியில் காலை இழந்து, படுக்கையிலேயே கிடந்து போனவர் என் அப்பா. அந்தப் பயம் ஒரு பக்கம். 'இந்த வயசிலேயேவா?' என்று யாராவது உச்சுக்கொட்டிவிடுவார்களோ என்ற ரோஷம் இன்னொரு பக்கம். காரைக்கால் ஆபீசில் யாரிடமும் மூச்சு விடவில்லை. நாலு மணிக்கு டீக்கடை அண்ணன் கேனில் டீ கொண்டுவருவார், சர்க்கரை கலந்தே. தனியாகக் கேட்டால், "சுகர் இல்லாதது யாருக்குங்க?" என்று வாசலிலிருந்தே குரல் கொடுப்பார். அதற்குப் பயந்து அந்த இனிப்பு டீயையே தினமும் குடித்துத் தொலைத்தேன். என்ன வீம்போ!

நான் மாத்திரை விழுங்குவதை மேடம் எப்போதோ பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள், பக்கத்து ஊரான நெரவியில் இருக்கும் தன் வீட்டுத் தொட்டியில் வளர்ந்த இலை என்று இந்தப் பொடியோடு வந்தார். "எனக்கு சுகர்ம்மா. தனியாக் குடிக்க ஒரு மாதிரி இருக்கு, நீயும் கம்பெனி குடேன்" என்றார். டீக்கடை அண்ணனிடம் எல்லார் காதிலும் விழும்படி, "எனக்கு சர்க்கரை இல்லாம கொண்டாங்க. துணைக்கு இந்தப் பொண்ணுக்கும் அதே" என்று சொல்லியும் விட்டார். அப்புறம் யார் என்னைக் கேட்பார்கள்?

முதல் நாள் சர்க்கரை போடும் கணக்கில் ஆளுக்கு இரண்டு ஸ்பூன் போட்டுவிட்டோம். இனிப்பு தொண்டையைப் பிடித்தது, பின்னாலேயே கசப்பு. மேடத்தின் முகம் போன போக்கைப் பார்த்து, வியாதி வந்தபிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தேன். சிட்டிகை போதும் என்று பிறகு பழகினோம். இலை வியாதியைத் தீர்க்கவில்லை, மாத்திரை மாத்திரைதான். ஆனால் அந்த டீயைக் குடித்துக்கொண்டுதான் அப்பாவின் காலைப் பற்றிச் சொல்லி அழுதேன். டாக்டரிடம் ஒழுங்காகப் போக ஆரம்பித்ததும் அதன்பிறகுதான். மேடம் ஓய்வு பெறும்வரை எங்கள் நாலு மணி டீ தவறவே இல்லை.

போன வாரம் பொடி தீர்ந்துவிட்டதென்று நெரவிக்குப் போனேன். மேடத்தின் மருமகள் இரண்டு டீ கொண்டுவந்து வைத்தாள். மாற்றி எடுத்துவிட்டேன் போல, ஒரு வாய் குடித்தால் பாகாக இனிக்கிறது. "மேடம், உங்களுக்குப் போய் சர்க்கரை போட்டிருக்காங்களே" என்று பதறினேன்.

மருமகள் சிரித்தாள். "அத்தைக்கு மூணு ஸ்பூன் போட்டாத்தாங்க டீ இறங்கும். சுகரெல்லாம் கிடையாது. அந்த இலை வாடையே அவங்களுக்கு ஆகாது."

மேடம் என்னைப் பார்க்கவில்லை. "டீ ஆறுது, குடிம்மா" என்றார். அத்தனை வருஷம், ஒவ்வொரு நாளும், பிடிக்காத அந்தத் தண்ணியை எனக்காகக் குடித்திருக்கிறார். பெற்றவள்கூட இப்படிச் செய்வாளா, தெரியவில்லை.

"அப்ப ரிட்டயர் ஆனப்புறமும் ஏன் மேடம் இந்தச் செடியை வச்சிருக்கீங்க?" என்றேன்.

"நீ வருவேல்ல" என்று சொல்லி, என் டப்பாவை வாங்கிப் பொடியை நிரப்ப ஆரம்பித்தார்.