மழை பெய்தால் வரவும்

கோபம் வந்தால் என் மூக்கு சிவந்துவிடும் என்று மாணவர்கள் சொல்வார்கள். அன்றைக்குக் காது வரைக்கும் சிவந்திருக்க வேண்டும். குலசேகரத்துப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் சொல்லிக்கொடுப்பவள் நான். பெண்களின் உடம்பைக் கெடுப்பது கிருமி மட்டுமல்ல, வீடும் வேலையும்கூடத்தான் என்று வருஷா வருஷம் தொண்டை வறளக் கத்துவேன். அவ்வளவையும் கேட்டுத் தலையாட்டிய கோயம்புத்தூர்க்கார நெட்டை மாணவன் ஒருவன் தன் நோயாளியைப் பற்றி எழுதிக்கொண்டு வந்திருந்தான்: "வீட்டுக்குப் போய் நான்கு முறை சொல்லியும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஒத்துழைப்பு இல்லை."

நோயாளி, ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. படுக்கவைத்து ரத்தம் ஏற்றாவிட்டால் என்றைக்காவது மரத்தடியில் விழுந்து அப்படியே போய்விடுவார். அது அவனுக்கும் தெரியும்.

"ஏன் வரல்லைன்னு கேட்டியா?"

"இல்ல மேடம்."

"ஏலே, ஏறு வண்டில!"

ஆறு மாணவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். காலை பத்து மணி. வீடு பூட்டியிருந்தது. தோட்டத்துக்குள் நுழைந்தோம். விடியும் முன்பே அக்காவின் கணவர் பால் வடிவதற்காக மரப்பட்டைகளில் வெட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தார். சிரட்டைகளில் வடிந்திருந்த பாலை மரம் மரமாக ஊற்றியெடுத்து, இரண்டு கையிலும் வாளியோடு வந்துகொண்டிருந்தார் அக்கா. நெட்டையனுக்குத் திடீரென்று வீரம் வந்துவிட்டது. ஓடிப்போய் ஒரு வாளியைப் பிடுங்கினான். சருகில் கால் வழுக்கியது. பாதி வாளிப் பால் அவனுடைய வெள்ளைக் கோட்டில்.

ஒரு காலை நேரத்து உழைப்பு போச்சே என்று நான் அவனைத் திட்ட வாயெடுத்தேன். அக்காவோ மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து மூச்சு வாங்கி, மறுபடியும் சிரித்தார்.

"அந்தக் கோட்ட இனி எனக்க ரப்பர் ஷீட்டுகூட காயப்போடுங்க டாக்டரே!"

பால் சொட்டச் சொட்ட நின்றபடி அவன் முதல்முறையாகக் கேட்டான்: "ஏன்க்கா ஆஸ்பத்திரிக்கு வரல?"

"விடியக்காலத்த அவரு மரம் வெட்டுவாரு, பாலு நான் எடுக்கணும். ஒறைய வெச்சு ஷீட்டு அடிச்சு முடிக்கதுக்குள்ள ஒங்க ஓபி பூட்டியாச்சு. அவருட்ட சொன்னா, பால யாரு எடுப்பான்னு கேப்பாரு. மழை பெஞ்சா வெட்டு கெடையாது மக்கா. அன்னைக்கி வாறேன்."

அக்காவின் ஓபி அட்டையில், அடுத்த வருகை என்ற இடத்தில் அவன் எழுதினான்: "மழை பெய்தால் வரவும்." பதிவு செய்யும் இடத்திலிருந்த பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேதி போடாமல் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாதாம். "மழை தேதி சொல்லிட்டா வருது?" என்று நான் ஒரு சத்தம் போட்டேன்.

பிறகு பிடித்தது பைத்தியம். மேகம் ஒன்று தலைகாட்டினால் வகுப்பே ஜன்னல் பக்கம் சாயும். மார்த்தாண்டத்து மாணவி ஒருத்தி தன் சபையில் மழைக்காக ஜெபிக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். நானும் துணியைக் காயப்போட்டுவிட்டு, அது நனையவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒன்பது நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த ஒன்பது நாளும் அவர் ரத்தம் போய்க்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தாம் நாள் விடியற்காலையிலேயே கொட்டத் தொடங்கியது. எட்டு மணி வகுப்பில் நான் வாயைத் திறப்பதற்குள் ஒருவன் விசிலடித்தான். "இருங்கலே!" என்று கத்தினேன். யார் கேட்டது? எல்லாரும் ஓபி வாசலுக்கு ஓடினார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன்.

அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கினார். பின்னாலேயே தோட்டத்துப் பெண்கள் இன்னும் ஐந்து பேர், இரண்டே குடையில். "இவளுவளுக்கும் இன்னைக்கித்தான் ஒழிவு" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஐந்து பேரையும் மாணவர்கள் ஆளுக்கொருவராகக் கூட்டிக்கொண்டு போனார்கள். அக்காவை வார்டில் சேர்த்தோம். மத்தியானம் முதல் பாட்டில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாளாவது அவர் இருந்தாகவேண்டும். அவர் கண்ணெல்லாம் ஜன்னலில்தான்.

"நாளைக்கும் பெய்யுமா டாக்டரே?"

மழை எப்போதோ விட்டிருந்தது. கட்டில் காலடியில் பளீரென்று வெயில் கிடந்தது. நெட்டையன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"பெய்யும்க்கா," என்றான். "ஒரு வாரம் விடாது."

அக்கா அந்த வெயிலைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கண்ணை மூடினார்.

"அப்போ பால அவரே எடுக்கட்டு. மழைன்னு டாக்டரு சொல்லியாச்சில்லா."