முதல் நிமிஷம் தப்புக்கு

அரக்கோணத்தில் ரயிலேறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. திரையில் 'தணிகை' என்று வந்தது. அவருடைய கடைசி பாட்காஸ்டில் இரண்டு தப்பு கண்டுபிடித்து அனுப்பியிருந்தேன். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துக்கொண்டு, "சொல்லுங்க, எந்தத் தப்ப ஒத்துக்கறீங்க?" என்றேன். பேசியது அவருடைய அப்பா. "அம்மா, நைனா பேசறேன்மா. தணிகை பூட்டான்மா. காலைல எழுப்பறேன், எழுந்துக்கல." அந்த வீட்டிலிருந்து வரும் போனில் பின்னால் தறிச் சத்தம் இல்லாமல் நான் கேட்டதே இல்லை. அன்று இல்லை. மோசூரில் இறங்கி எதிர்த்திசை ரயிலுக்காக நின்றேன். தணிகைக்கு வயது நாற்பத்திரண்டு.

'கட்டைவிரல்' பாட்காஸ்டைக் கேட்டு வந்த உங்களுக்கு அவருடைய குரல் தெரியும். எனக்கு அதற்கு முந்தைய தணிகையைத் தெரியும். சென்னையில் ஒரு தொழில்நுட்ப இதழில் அவர் வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதினார்; நான் எடிட்டர். அவர் திருத்தணியில் ஏறுவார், அரக்கோணத்தில் ஏறும் எனக்குப் பையை வைத்து இடம் போட்டிருப்பார். அவருடைய வேலை நேரம் ரயிலிலேயே ஆரம்பித்துவிடும். கையடக்க கேம் மெஷினைக் குனிந்து பார்த்தபடி வருவார். சுற்றிலும் நாலு தலை அதையே எட்டிப் பார்த்துக்கொண்டு வரும்.

ஒருநாள் காட்டு வழியில் போகிற ஒரு விளையாட்டில் தணிகை மாட்டிக்கொண்டார். எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "லெப்ட்ல போ தம்பி, லெப்ட்ல! அந்தாண்ட வெளிச்சம் தெரியுது பாரு, கண்ணு இல்ல உனுக்கு?" என்று கத்தினார். இடது பக்கம் போனால் வழி திறந்தது. 'வழி சொல்லித் தராமலே வழி புரிகிற விளையாட்டு. சாட்சி: திருவள்ளூரில் இறங்கிய பூக்கார அம்மா' என்று விமர்சனத்தில் எழுதினார். நான் அந்த வரியை வெட்டப் போனேன். "எடிட்டரம்மா, ரிவ்யூ எழுதனதே அவங்கதான். நான் டைப் அடிச்சேன், அவ்ளோதான்" என்று சொல்லி வெட்ட விடவே இல்லை.

முடிக்காத விளையாட்டுக்கு மதிப்பெண் போடமாட்டார். இதழ் அச்சுக்குப் போகிற அவசரத்தில் நான் கத்துவேன். "பாதி சாப்பாட்டுல எழுந்து வந்து ரசம் சரியில்லன்னு சொல்லச் சொல்றீங்க" என்பார். நான் கத்தினதுதான் மிச்சம்.

இப்போது ஒரு ஏழு மதிப்பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கார் பந்தய விளையாட்டை மூன்று வாரம் ஆடி முடித்துப் பத்துக்கு நாலு கொடுத்திருந்தார். நான்காவது பந்தயத்துக்கு மேல் அது அடிக்கடி உறைந்து நின்றுவிடும் என்றும் எழுதியிருந்தார். எழுதிக் கொடுத்துவிட்டு ஆடிக்கிருத்திகைக்கு லீவு போட்டுவிட்டார். அந்த விளையாட்டுக்காரர்களின் விளம்பரம் எங்களுக்கு வந்திருந்தது. நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, நாலு வேண்டாம் என்றது. நாலு ஏழானது; உறைந்து நிற்கிற வாக்கியம் காணாமல் போனது. லீவு முடிந்து வந்தவர் கேட்டபோது, "மேலிடத்துல மாத்திட்டாங்க தணிகை" என்றேன். பாதி உண்மை. சொன்னது மேலிடம், மாற்றிய கை என்னுடையது.

பள்ளிப்பட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் சேகர் என்ற வாசகர் அவருக்குப் போன் செய்து, "உங்க ஏழை நம்பி நான் ஏழையாயிட்டேன் சார்" என்றாராம். தணிகை அதை ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த வாரமே வேலையை விட்டார். அவருக்குப் பதிலாக நான் போயிருக்க வேண்டும். போகவில்லை, வாயையும் திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

ஊரோடு இருந்துவிட்ட தணிகை, வீட்டு மாடி அறையில் ஒரு மைக்கை வைத்துப் பாட்காஸ்ட் தொடங்கினார். அது அம்மையார்குப்பத்திலிருந்து வந்து திருத்தணியில் நாலு விசைத்தறி போட்ட குடும்பம். கீழே தறி இரண்டு ஷிப்ட் ஓடும். பதிவுக்காக ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "தறிய நிறுத்திட்டு நான் இன்னாடா பண்றது? நீ பாட்டுக்குப் பேசிக்கினு இரு, அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கட்டும்" என்றார் நைனா. கடைசியில் தணிகை கண்டுபிடித்த வழி, மாதாமாதம் வரும் ஷட்டவுன். மின்சாரம் நின்றால் தெருவே அடங்கிவிடும்; அவர் பேட்டரியை வைத்துக்கொண்டு பதிவு செய்வார். "அடுத்தது எப்ப சார்?" என்று கேட்பவர்களுக்கு, "கரண்ட் ஆபீஸ்ல கேளுங்க" என்பதுதான் பதில். செய்தித்தாளின் மின்தடை அறிவிப்பில் திருத்தணி என்று பார்த்ததும் சந்தோஷப்பட்ட மனிதர்கள் உலகத்தில் நாம் மட்டும்தான்.

ஒருமுறை பதிவின் நடுவே காவடிக் கூட்டத்தின் 'அரோகரா' சத்தம் விழுந்துவிட்டது. அதை நீக்கச் சொன்னேன். "கேமுக்கெல்லாம் பேக்ரவுண்ட் மியூசிக் இருக்கலாம், எங்க ஊருக்கு இருக்கக் கூடாதா?" என்றார். நீக்கவில்லை.

அவருடைய நிகழ்ச்சி எப்படித் தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியும். "முதல் நிமிஷம் தப்புக்கு" என்பார். போன தடவை தான் தப்பாகச் சொன்னதை எல்லாம் முதலில் வரிசையாகச் சொல்லிவிடுவார். அந்த நிமிடத்தை மட்டும் கடைசியில்தான் பதிவு செய்வார், இந்தத் தடவை செய்த தப்பும் அதில் சேர வேண்டும் என்று. முதன்முதலில் அவர் சொன்னது இது: "என் பேர்ல வந்த ஏழு என்னுது இல்ல, நான் போட்டது நாலு. ஆனா வந்தது என் பேர்ல. அதனால தப்பு என்னுது. பள்ளிப்பட்டு சேகர் சார், மன்னிச்சுக்கோங்க." அதை நான் ரயிலில் கேட்டேன். பக்கத்து இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார். "எடிட்டரம்மா, தப்பு புடிக்க உங்கள உட்டா யாரு கீறாங்க? கேட்டுட்டு லிஸ்ட் அனுப்புங்க." ஆறு வருடம் அனுப்பினேன். விளையாட்டின் பெயர் தப்பு, வருடம் தப்பு, உச்சரிப்பு தப்பு. ஒரே ஒரு தப்பை மட்டும் அனுப்பவில்லை.

காரியத்தன்று தெரு முழுக்கத் தெரியாத முகங்கள். நைனா என்னிடம் வந்து, "இத்தினி பேரு எங்கருந்தும்மா வந்தாங்க? இவன் மாடில தனியாதான பேசிக்கினு இருந்தான்?" என்று கேட்டு அழுதார். பிறகு, "கடைசியா பேசி வெச்சது ஒண்ணு கீதாம். நீங்க பாத்து உட்ருங்கம்மா" என்றார். அந்தப் பதிவில் எல்லாம் இருந்தது, முதல் நிமிடம் மட்டும் இல்லை.

அடுத்த ஷட்டவுன் நாளில் மாடி ஏறினேன். அவருடைய கம்ப்யூட்டரில் 'தப்பு' என்று ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியிலும் என்ன தப்பு, யார் செய்தது, யார் கண்டுபிடித்தது, கடைசியில் 'சொல்லியாச்சு'. முதல் வரியில் மட்டும் அந்தக் கடைசி இடம் காலியாக இருந்தது. 'நாலு ஏழானது. மாத்தினது எடிட்டரம்மா. அவங்களா சொல்லட்டும்.'

எங்கள் இதழின் இணையதளத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ளே யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்று பதிவாகியிருக்கும். எடிட்டரான நான் அதை மறந்தே போனேன். லீவு முடிந்து வந்த அன்றே அவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டிருக்கிறார். தெரிந்துகொண்டேதான் ஆறு வருடம் என்னோடு சிரித்துப் பேசியிருக்கிறார். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அழுது முடித்து மைக்கைப் போட்டேன். நாலு ஏழான கதையை, செய்தது நான் என்று, என் பெயரோடு சொன்னேன். சேகரின் 'ஏழையாயிட்டேன்' வரையும் சொன்னேன். பாதியில் மின்விசிறி சுற்றத் தொடங்கியது. மின்சாரம் வந்துவிட்டது, இனி தறிச் சத்தம் கேட்கும் என்று பதறினேன். கேட்கவில்லை. முடித்துவிட்டு இறங்கி வந்தால், நைனா சுவிட்ச் பெட்டியருகே நின்றிருந்தார். "ஆச்சாம்மா? போட்டுறவா?" என்றார். "ஆச்சு நைனா, போடுங்க" என்றேன்.

மைக்கை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது அந்த மாடியிலேயே இருக்கட்டும், ஷட்டவுன் நாட்களில் நான் வருகிறேன் என்றேன். நான் வைத்துக்கொண்டது அந்தப் பட்டியலை. முதல் வரியின் காலி இடத்தை நிரப்பிவிட்டேன். இனி காலி இடம் இருக்காது என்று நினைத்தேன்.

பதிவு வெளியான மறுநாள் பள்ளிப்பட்டிலிருந்து சேகர் போன் செய்தார். "அந்த ஏழு நீங்களாம்மா?"

"ஆங், நான்தாங்க."

"சரி, உடுங்க. ஆனா நீங்க ஒண்ணு தப்பா சொல்லிட்டீங்க. நான் 'ஏமாந்துட்டேன் சார்'னு மட்டும்தான் சொன்னேன். ஏழைன்றதெல்லாம் தணிகை சார் சேத்துக்கினது. நானும் போனா போவுதுன்னு உட்டுட்டேன்."

இத்தனை வருடம் கழித்து, அவர் போன பிறகு, தணிகை செய்த ஒரு தப்பு. வாய்விட்டுச் சிரித்தேன். பட்டியலில் புதிய வரி சேர்த்தேன். செய்தது: தணிகை. கண்டுபிடித்தது: பள்ளிப்பட்டு சேகர். 'அவராகச் சொல்லட்டும்' என்று காத்திருக்க இந்த முறை வழியில்லை. அதனால் அவர் சார்பில் உங்கள் எல்லோரிடமும் நான் சொல்கிறேன்.

சொல்லியாச்சு.