கெட்ட பழக்கம்: பி.காம்.

ஏற்காட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சாஜிதாவுக்கு, கல்யாண பயோடேட்டா என்றாலே சிரிப்பு வரும். அவளுடைய கல்யாணமே அப்படி ஒரு தாளை நம்பித்தான் நடந்தது. மாப்பிள்ளை தாளில் இருந்ததைவிட மூன்று அங்குலம் குறைவாக வந்து சேர்ந்தார். மற்றபடி தங்கமான மனுஷன்.

தரகர் அப்துல் சமது அவளுடைய வாடிக்கை. துண்டுச் சீட்டுகளோடு அலைந்தவர், மருமகன் பேச்சைக் கேட்டு, போனிலேயே நிரப்பும் படிவத்துக்கு மாறினார். எல்லார் விவரமும் ஒரே ஃபைலாக வந்து விழுந்தது. ஆளுக்கு ஒரு வரி. பெயர், முகவரி, தொழில், உயரம் எல்லாம் நடுவில் வெறும் கமாவை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மலை பஸ் மாதிரி நெருக்கியடித்து நின்றன.

"மனுஷன் படிக்கிறாப்ல பண்ணிக் குடு கண்ணு. மேல 786 போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம்" என்றார்.

கமா வரும் இடத்திலெல்லாம் வெட்டி, துண்டுகளை வரிசையாகத் தலைப்புகளுக்கு எதிரே உட்கார வைக்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொன்னாள் சாஜிதா. அச்சாகி வந்ததை அவளும் படிக்கவில்லை, சமதும் படிக்கவில்லை. சேலம் முழுக்கக் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் மிளகு வியாபாரி சிக்கந்தரின் அம்மா ஆசியா, மகனோடு கடைக்கு வந்து ஒரு தாளை நீட்டினாள்.

தொழில்: பஸ் ஸ்டாண்டு பின்புறம். உயரம்: மிளகு வியாபாரம். படிப்பு: ஐந்தடி ஆறங்குலம். கெட்ட பழக்கம்: பி.காம். எதிர்பார்ப்பு: இல்லை.

"ஏனுங்க, எம் பையன் படிச்சது கெட்ட பழக்கமாங்க?"

சாஜிதா தாளை வாங்கிப் பார்த்தாள். "மாமி, முகவரிக்கு நடுவுல நீங்க ஒரு கமா போட்டிருக்கீங்க. அது அங்கயும் வெட்டிருச்சுங்க. அப்புறம் எல்லாமே ஒரு எடம் தள்ளி உக்காந்துருச்சு."

"பதினொண்ணு வரைக்கும் படிச்சவ நானு. கமா போடாம எப்படி எழுதறது? சரி, கெட்ட பழக்கம் இல்லைன்னு போட்டேன், அது எதிர்பார்ப்புக்குப் போயிருச்சு. நாங் கார் கேட்டது எங்க போச்சு?"

"கடைசியில எடமில்லாம கீழ விழுந்துருச்சுங்க."

சிக்கந்தரின் போன் அடித்தது. காலையிலிருந்து ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. எதிர்பார்ப்பே இல்லாத மாப்பிள்ளையைச் சேலம் அதுவரை பார்த்ததில்லை.

"அப்படியே இருந்துட்டுப் போகட்டும்மா" என்றான்.

ஆசியா விடவில்லை. திருத்திய தாளைச் சமது கீழே சேலத்துக்குக் கொண்டுபோனார். அதைப் பார்த்து ஒருத்தரும் கூப்பிடவில்லை. பழைய தாளை நம்பி ஆஃப்ரின் என்ற பிசியோதெரபிஸ்ட் தன் அத்தாவோடு மலையேறி வந்தாள். தப்புப் பண்ணினவளே வந்து சொல்லட்டும் என்று ஆசியா சாஜிதாவையும் வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

சாஜிதா வாயைத் திறப்பதற்குள் ஆஃப்ரின் மாப்பிள்ளையைக் கேட்டாள்: "பி.காம். பழக்கம் இப்பவும் இருக்குங்களா?"

"எட்டு அரியர்ங்க. விட்டு நொம்ப நாளாச்சு."

ஆஃப்ரின் சிரித்ததில் டீ சிந்தியது. அவளுடைய அத்தா தாளை மடித்தபடி, "எதிர்பார்ப்பு இல்லைன்னு போட்டிருக்கே, அது நெசந்தானுங்களா?" என்றார்.

எல்லாரும் ஆசியாவைப் பார்த்தார்கள். சாஜிதா தரையைப் பார்த்தாள். ஆசியா மகன் முகத்தைப் பார்த்தாள். அவன் பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தான்.

"அச்சுல இருக்கறதுதானுங்க" என்றாள் ஆசியா, மென்று முழுங்கி.

நிக்காஹ்வுக்கு சாஜிதாவை வீடு தேடி வந்து அழைத்தாள். பத்திரிகை அடிக்கும் வேலையை மட்டும் சேலத்தில் கொடுத்துவிட்டாள்.