ஒரு காலில் பட்டை, ஒரு காலில் இல்லை

அந்தச் சனிக்கிழமை மதியம் அராக்ஸி தாஷ்ஜியன் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துப் போட்டு, தன் நீல ஷூவின் பக்கவாட்டில் இருந்த இரண்டு வெள்ளைத் தோல் பட்டைகளைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தாள். வலதுகால் ஷூவில் மட்டும். இடதுகால் ஷூ பட்டைகளோடு பக்கத்தில் இருந்தது.

பஸ் பணிமனையில் இருந்து கிரீஸ் கையோடு வந்த அவள் கணவன் வஹ்ராம் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நல்லாத்தானே இருந்துச்சு? எதுக்கு அதைப் போட்டு உரிக்கிற?"

"இந்தப் பட்டை எதுக்கு இருக்குன்னு பாக்கணும்."

"அழகுக்குத்தான். வேற எதுக்கு?"

"அழகுக்குன்னா ஒத்தைத் தையல் போதும். இதுல ரெண்டு வரிசை போட்டிருக்கான், அதுவும் நெருக்கமா. நூலும் நேரமும் சும்மாவா கிடக்கு? யாரோ யோசிச்சுத்தான் வச்சிருக்காங்க."

"அப்ப அந்த இன்னொரு ஷூ?"

"ரெண்டுலயும் எடுத்துட்டா எதோட வச்சுப் பாக்கிறது?"

வஹ்ராம் கை கழுவப் போனான். பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவளிடம் எங்கே நிறுத்திக்கொள்வது என்று கற்றிருந்தான்.

இது 1969-ஆம் வருஷம், மாசசூசெட்ஸில் வாட்டர்டவுன். அராக்ஸியின் அப்பா அம்மா காலத்திலேயே ஆர்மீனியர்கள் அங்கே வந்து ரப்பர் ஷூ ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, அப்படியே தெருத் தெருவாகக் குடியேறிவிட்டவர்கள். அராக்ஸி வேலை பார்த்தது சின்ன இடம். லிட்டில்ஃபீல்ட் என்பவரின் தொழிற்சாலை, குழந்தைகளுக்கான பள்ளிக்கூட ஷூ தைக்கிற இடம். மேல்பகுதித் துண்டுகளை மெஷினில் ஒன்றாகச் சேர்ப்பது அவள் வேலை.

ஓட ஆரம்பித்தது தற்செயலாகத்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலையில் பஸ் தவறிப்போய்விட, நேரமாகிவிட்டதே என்று நதிக்கரைப் பாதையில் தொழிற்சாலை வரை ஓடினாள். மூச்சு வாங்கி, கன்னம் சிவந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தபோது, நாள் முழுக்க மனசு லேசாக இருந்தது. அடுத்த நாள் பஸ் சரியாக வந்தது. அவள் ஏறவில்லை. முப்பத்தெட்டு வயசுப் பெண் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தவர்கள் காரின் கண்ணாடியை இறக்கி, "யாரும்மா துரத்துறாங்க?" என்று கேட்டார்கள். "உங்க வீட்டுக்காரிதான், உங்களத் தேடிக்கிட்டு வர்றாங்க" என்று பதில் சொல்லிவிட்டு ஓடிக்கொண்டே இருப்பாள்.

கஷ்டம் காலில்தான். பெண்களுக்கென்று ஓடுகிற ஷூ எந்தக் கடையிலும் கிடையாது. ஆண்களுடையதில் மிகச் சின்ன அளவை வாங்கினாள். முன்னால் சரியாக இருந்தது, குதிகாலில் தொளதொளத்தது. பஞ்சு வைத்து அடைத்தாள், கொப்புளம் வந்தது. நாடாவை இறுக்கினாள், கால் நகம் கறுத்தது. தினமும் ஷூ தைக்கிறவளுக்கே கால் கடிக்கிறதே என்று யோசித்த நாளில் இருந்துதான், ஒரு ஷூ ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது.

தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில் ஓட்டக்காரர்களின் ஷூ எது கிடந்தாலும் அள்ளிக்கொண்டு வருவாள். வஹ்ராம் இரும்பறுக்கிற ரம்பத்தால் அவற்றை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து தருவான். கித்தான் துணியில் செய்த ஒன்று, அடியில் வெறும் ரப்பர் தகடு. அதைப் போட்டு ஓடினவனின் முழங்கால் என்ன பாடுபட்டிருக்கும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். ஜப்பானில் இருந்து வந்த இன்னொன்றில் நைலான் மேல்பகுதி, அடியில் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே அப்பம் போல நுரை ரப்பர், குதிகாலில் மட்டும் தடிமன் கூடுதல். ஒரு தலைமுறைக்கு முன் யாரோ மாரத்தான் ஓடின தோல் ஷூ ஒன்றும் கிடைத்தது. கையுறைத் தோல் போல மெல்லிசு. வெளியே பட்டை எதுவும் இல்லை. ஆனால் உள்ளே விரலை விட்டுத் தடவினபோது, நாடா கோக்கிற கண்களில் இருந்து அடிவரைக்கும் சரிவாக ஒரு துணிப் பட்டை வைத்துத் தைத்திருந்தது.

"இங்க பாரு, இங்க பாரு" என்று வஹ்ராமின் விரலைப் பிடித்து உள்ளே விட்டாள். "ஒளிச்சு வச்சிருக்கான். இதைத்தான் பின்னால வந்தவன் வெளியில எடுத்து வெள்ளை அடிச்சு விட்டிருக்கான்."

அதை உறுதி செய்துகொள்ளத்தான் அந்தச் சனிக்கிழமைப் பிரிப்பு. ஒரு காலில் பட்டையும் ஒரு காலில் இல்லாமலும் அந்த இலையுதிர்காலம் முழுக்க ஓடினாள். பனி விழத் தொடங்கும்போது இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்தாள். இடது ஷூ வடிவம் மாறாமல் இருந்தது. வலது ஷூ சுண்டுவிரல் பக்கம் பிதுங்கி, தூங்கி எழுந்தவன் முகம் மாதிரி ஒருபக்கமாக வீங்கிக் கிடந்தது. பட்டை, கூரையைத் தாங்குகிற உத்தரம் போல, நாடாவின் இழுப்பை அடிப்பாகம் வரை கொண்டுபோய்க் காலைப் பிடித்துவைக்கிறது.

அப்படியானால் அதே பட்டையைக் குதிகால் பக்கம் திருப்பினால்?

திங்கட்கிழமை இரண்டு ஷூவையும் பையில் போட்டுக்கொண்டு லிட்டில்ஃபீல்டின் அறைக்குப் போனாள். அவர் உயரமான, மெதுவாகப் பேசுகிற மனிதர். வெளிநாட்டு ஷூ மலிவாக இறங்க ஆரம்பித்துப் பள்ளிக்கூட ஷூவுக்கு ஆர்டர் குறைந்துபோன காலம் அது. வீங்கின ஷூவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, மிஸஸ் தாஷ்ஜியன். நீங்க சொல்றது புரியுது. ஆனா ஓடுற பொம்பளைங்க ஊர்ல எத்தனை பேர்?"

"என்னையும் சேத்து நதிக்கரையில ஒரு கை விரல்ல எண்ணிடலாம்."

"அதை வச்சு நான் கடை நடத்தணுமா?"

"கால் கடிக்கலேன்னா இன்னும் நாலு பேர் ஓடுவாங்க, மிஸ்டர் லிட்டில்ஃபீல்ட்."

அவர் சிரித்துவிட்டார். போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலை நர்சுகளுக்கு வெள்ளை ஷூ தைத்திருந்தது. ஷூவை இழுத்து வடிவம் கொடுக்கிற மர அச்சுக்கட்டைகள், பெண் கால் அளவில், குதிகால் ஒடுங்கியவை, கீழ் அறையில் தூசியோடு அடுக்கி இருந்தன. மீந்த நேரத்தில் அவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

முதல் ஜோடி நதிப் பாலத்தின் மேலேயே உயிரை விட்டது. பசை பிடிக்காமல் நுரை ரப்பர் கழன்று, நாக்கு மாதிரித் தொங்கியது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நொண்டி வீட்டுக்கு வந்தாள். ரப்பரை முதலில் சொரசொரப்பாகத் தேய்க்க வேண்டும் என்பது தொழிற்சாலையில் பசை ஒட்டுகிறவர்களுக்கே அப்போதுதான் விளங்கியது. அடுத்த ஜோடி தாங்கி நின்றது. அதில் ஒரே ஒரு பட்டை, மேல் நாடாக் கண்ணில் இருந்து சரிந்து இறங்கிக் குதிகாலைச் சுற்றி மறுபக்கம் ஏறியது. நாடாவைக் கட்டினால் குதிகால் தானாக இறுகும்.

லிட்டில்ஃபீல்டுக்கு ஒரு குறை இருந்தது. "கடை ஜன்னல்ல பக்கவாட்டுலதான் நிக்கப் போகுது. பட்டையை நேரா நிமித்திட்டா பளிச்சுனு தெரியும்."

"பளிச்சுனு தெரியும். ஆனா காலைப் பிடிக்காது."

"பெரும்பாலும் நடக்கத்தானே வாங்குவாங்க?"

இரண்டு விதமாகவும் தைத்து நதிக்கரையில் ஓடுகிற பெண்களிடம் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. எது எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. மாசம் கழித்துத் திருப்பிக் கேட்டபோது, நேர்ப்பட்டை ஷூக்கள் மட்டும் திரும்பி வந்தன. சரிவுப்பட்டையை ஒருத்தியும் தரமாட்டேன் என்றுவிட்டாள். "சரி, சரிவாவே இருக்கட்டும்" என்றார் அவர்.

அந்த ஷூ பெரிய பேர் எதுவும் வாங்கவில்லை. ஆனால் மூன்றாம் வருஷம் பாஸ்டன் மாரத்தானில் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டதில் இருந்து, நதிக்கரையில் ஓடுகிற பெண்களை எண்ண விரல்கள் போதவில்லை. குழந்தை ஷூவை நிறுத்திய பிறகும் லிட்டில்ஃபீல்ட் தொழிற்சாலை அதை வைத்தே சில காலம் தாக்குப்பிடித்தது. அவர் மூடின பிறகு, தேய்ந்த ஓட்ட ஷூக்களுக்குப் புது அடி போட்டுத் தருகிற பட்டறை ஒன்றில் அராக்ஸி சேர்ந்தாள். ஊரெல்லாம் ஓட ஆரம்பித்திருந்த காலம். விதவிதமான ஷூக்கள் அவள் கைக்குத் தாமே வந்து சேர்ந்தன. அவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஒவ்வொரு ஏப்ரலிலும் மாரத்தான் அன்று அவளும் வஹ்ராமும் பந்தயப் பாதையில் இருக்கிற நியூட்டன் மேட்டில் போய் நிற்பார்கள். மற்றவர்கள் ஓட்டக்காரர்களின் முகத்தைப் பார்த்துக் கை தட்டுவார்கள். அவள் குனிந்து கால்களைப் பார்ப்பாள். ஒரு வருஷம், மேட்டில் திணறி ஏறிக்கொண்டிருந்த ஒருவனின் ஷூவில் குதிகால் அடிப்பாகம் பின்னால் படகு போல அகன்று நீட்டிக்கொண்டிருந்தது. அப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கோட்டோடு அவன் பக்கத்திலேயே ஓட ஆரம்பித்துவிட்டாள்.

"தம்பி, அது ஏன் இவ்வளவு அகலம்?"

"என்னது?"

"குதிகால்ல."

"எனக்கென்னம்மா தெரியும். கடைக்காரன் குடுத்தான், போட்டுக்கிட்டேன்."

"இடிக்கலையா?"

"எல்லாமேதான் இடிக்குது" என்றான் மூச்சு வாங்க. "உங்களுக்கு வேணும்னா முடியிற இடத்துக்கு வாங்க. கழட்டித் தந்துடறேன். இனிமே எனக்கு இது வேண்டவே வேண்டாம்."

மேட்டு உச்சியில் அவனை விட்டுவிட்டுத் திரும்பி இறங்கி வந்தாள். விஷயத்தைச் சொல்லிக்கொண்டே வஹ்ராம் கையைப் பிடித்து, பந்தயம் முடிகிற இடத்துக்குப் போகிற டிராம் நிறுத்தத்துப் பக்கம் இழுத்தாள்.

"அங்க ஆயிரம் பேர் நிப்பாங்க, ஹோகிஸ், என் உயிரே. அவன் முகம் ஞாபகம் இருக்கா?"

"முகத்தை யார் பாத்தா?" என்றாள் அராக்ஸி. "நட, டிராம் வந்துடும்."