பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்

என் அக்காவின் கணவர் பதினாறு வருடமாக வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவர். இந்த ஊரில் அவருக்குத் தெரியாத கதவு கிடையாது. எந்த வீட்டு மணி வேலை செய்யாது, எந்தக் கதவை இரண்டு தரம் தட்ட வேண்டும், எதற்குப் பின்னால் நாய் படுத்திருக்கிறது, எல்லாம் அவருக்கு விரல் நுனியில். கதவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டால் மட்டும் திருதிருவென்று விழிப்பார்.

நான் பெயிண்டர். எனக்கு வாசலைப் பற்றிக் கவலை கிடையாது. உள்ளே போன ஐந்தாவது நிமிடம், எந்தச் சுவர் ஓதம் வாங்கியிருக்கிறது, எந்த மூலையில் கசிவை மறைக்க அவசர அவசரமாகப் பூசியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். அதனால் மாமா வீடு வாங்கப் போவதாகச் சொன்ன அன்றே, இந்த விஷயத்தில் என் பேச்சுதான் எடுபட வேண்டும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வீடு வாங்க வேண்டிய அவசரம் வந்ததே என் அக்காவின் சிரிப்பால்தான்.

அக்கா கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். நாள் முழுக்க அங்கே குசுகுசுவென்று பேசிவிட்டு வருவாள். மாலையில் மாமாவும் வந்து சேர்ந்து, இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தால், மாமா அன்றைய கதவுக் கதைகளை எடுத்து விடுவார். பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடிவந்த ஒருவர் பார்சல் காகிதத்தில் நுரையாலேயே கையெழுத்துப் போட்டது. எடை குறைக்கும் இயந்திரத்தை வாங்கிய ஒருவர், அதை மாடிக்குத் தூக்க முடியாமல் பாதிப் படியில் உட்கார்ந்து திருப்பி அனுப்பியது. மாமா இதையெல்லாம் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொல்வார். அக்காவுக்கு முதலில் மூச்சே வராது. அப்புறம் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், மேஜையில் தண்ணீர் டம்ளர் நடுங்கும். அவர்கள் குடும்பம் நடத்தியதே அந்தச் சிரிப்பை வைத்துத்தான் என்று நான் சொல்வேன்.

வாடகை வீடுகளுக்கு அது ஒத்துவரவில்லை. முதல் வீட்டில் கீழே இருந்த ஓனர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். இரண்டாவது வீட்டில் கதவுக்கு அடியில் சீட்டு வந்தது. மூன்றாவது வீட்டு ஓனர் அம்மா நல்ல மாதிரிதான். ஒருநாள் படியில் அக்காவை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது பிரச்சனையாம்மா? நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கார்," என்று அன்பாகவே கேட்டார்.

அந்த அன்புதான் அவளைக் குத்திவிட்டது. அதற்குப் பிறகு சிரிப்பு வந்தால் தலையணையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொள்ள ஆரம்பித்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் மாமா கதை சொல்வதை நிறுத்திவிட்டார். ஒருநாள் நான் அங்கே சாப்பிடப் போயிருந்தேன். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு பேச்சு மூச்சில்லாமல் சாப்பிட்டார்கள். கரண்டிச் சத்தம்தான் கேட்டது. யாராவது செத்த வீடு மாதிரி இருந்தது எனக்கு. கை கழுவும்போது மாமா மெதுவாகச் சொன்னார், "மாப்ளே, சொந்தமா ஒரு வீடு பாக்கணும். இப்படியே போனா நாங்க ரெண்டு பேரும் ஊமையாயிடுவோம்."

நான் உடனே களத்தில் இறங்கினேன். என் கணக்கு எளிது. சத்தம் வெளியே போகாத வீடு வேண்டும். அப்படி ஒரு வீட்டுக்கு நானே வண்ணம் அடித்திருந்தேன். சுற்றிலும் மதில், வாசலில் காவலாளி, உள்ளே வரிசை வரிசையாக வீடுகள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். இரட்டைக் கண்ணாடி ஜன்னல். சமையலறையில் தொட்டால் தானே உள்ளே போகும் இழுப்பறைகள். ஒரு ஓதம் கிடையாது, ஒரு விரிசல் கிடையாது. பெயிண்டர் வாயால் ஒரு வீட்டைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை வருவது அபூர்வம்.

அக்காவை அங்கே அழைத்துப் போனேன். அவள் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு சத்தமும் கேக்கலைடா," என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமாவோ வாசல் பக்கமே நின்றுகொண்டு காவலாளியோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். விலை அவர்கள் கைக்குச் சற்று எட்டாததுதான். அது போக, நீச்சல் குளத்துக்கும் பூங்காவுக்கும் என்று மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் வேறு. மாமா ஞாயிற்றுக்கிழமையும் வண்டி எடுத்தால் சமாளிக்கலாம் என்று அவருக்கும் சேர்த்து நானே ஏற்பாடு செய்து வைத்திருந்தேன்.

திரும்பும் வழியில் டீ குடிக்க நின்றோம். அக்கா பிஸ்கட் வாங்கப் போன நேரம் பார்த்து மாமா வாயைத் திறந்தார்.

"அங்க பார்சல் எல்லாம் வாசல்லயே வாங்கி வெச்சுக்குவாங்க மாப்ளே. ஒரு தடவை காவலாளி இல்ல. பார்சல்காரங்களுக்கு ஃபோன் போட்டு, பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போலாமான்னு கேட்டேன். அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுன்னுட்டாங்க. செவுத்துக்கு அந்தப் பக்கம் ஆறு வருஷமா இருக்கறவங்க."

"அதனால என்ன மாமா? அக்கா சிரிச்சா யாருக்கும் கேக்காது. அதுதானே நமக்கு வேணும்?"

"அவளைச் சிரிக்காதேன்னு சொன்னாங்களே, அவங்களும் அதைத்தானேடா கேட்டாங்க?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நாலு நாள் அலைந்து வீடு பார்த்துக் கொடுத்தவனுக்கு இதுதான் மரியாதையா என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். மாமா அதையும் எடுத்துக் குடித்துவிட்டு, தன்னிடமும் ஒரு வீடு இருப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாமலே வாங்கிவிடக்கூடிய விலை.

அது பழைய வரிசை வீடுகள் இருக்கும் தெரு. ஒரே மாதிரி இருபது வீடுகள், தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு. மாமா அந்தத் தெருவைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அங்கே ஒரு பார்சலைக்கூடத் திருப்பி எடுத்துக்கொண்டு போனதில்லையாம். ஒரு வீட்டில் ஆள் இல்லையென்றால் அடுத்த வீட்டில் வாங்கி வைப்பார்கள். ஒருமுறை பதினேழாம் எண்ணுக்குக் குழந்தைத் தொட்டில் இரண்டு பெட்டிகளில் வந்தது. அவர்கள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போயிருந்தார்கள். பதினாறாம் எண்காரர்கள் பெட்டிகளை வாங்கி வைத்ததோடு நிற்காமல், பிரித்து, திருகாணி எல்லாம் முடுக்கி, குழந்தை வருவதற்குள் தொட்டிலை நிறுத்தி வைத்துவிட்டார்கள். "ஒரு திருகாணி மிச்சமாயிடுச்சாம். அது எங்கேருந்து வந்துச்சுன்னு இன்னும் ரெண்டு வீடும் சண்டை போட்டுக்குது," என்று மாமா ரசித்துச் சொன்னார். விற்பனைக்கு வந்திருந்தது பதினைந்தாம் எண்.

சனிக்கிழமை காலை போனோம். தரகர் முன்னாலேயே வந்து உள்ளே ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. மாமா பழக்க தோஷத்தில் மணியை அடித்துவிட்டு, படியில் ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றார். தரகர் எட்டிப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். அந்த மனிதர் பேனாவை வாங்கிக்கொண்டு, "எங்க சார் போடணும்?" என்று கேட்டார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உள்ளே போனதும் நான் என் வேலையை ஆரம்பித்தேன். எனக்குப் பிடித்ததாக ஒன்றுகூட இல்லை. சமையல் மேடை அக்காவின் இடுப்புக்கும் கீழே. சமையலறை முழுக்க ஒரே ஒரு பிளக் பாயின்ட், அதுவும் குழாய்க்குப் பக்கத்தில். குளியலறைக் கதவை முழுசாகத் திறந்தால் வாளி இடிக்கும். மேற்குச் சுவரில் ஆளுயரத்துக்கு ஓதம். கடைசியாக, பக்கத்து வீட்டோடு பொதுவாக இருந்த சுவரை விரல் முட்டியால் தட்டினேன். அந்த டொக் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நாலரை அங்குலம். காதை வைக்கவே தேவையில்லை, அந்தப் பக்கம் யாரோ டம்ளரில் சர்க்கரை கலக்கும் சத்தம் இங்கே கேட்டது.

அக்காவும் அதைக் கேட்டுவிட்டாள். அவள் முகம் தொங்கிப் போனது. டீக்கடைக் கோபத்தையும் சேர்த்து மாமாவிடம் காட்டினேன்.

"மாமா, இந்த வீட்டுல அவ தும்மினாக்கூடத் தெருவே எட்டிப் பாக்கும். எதைப் பாத்து இதைப் புடிச்சீங்க? உள்ள வந்து ஒரு தரமாவது பாத்தீங்களா?"

மாமா தாழ்ந்த மேடையைப் பார்த்தார். ஓதம் வாங்கிய சுவரைப் பார்த்தார். முதல்முறையாக ஒரு வீட்டுக்குள் வந்தவர் மாதிரி சுற்றிலும் பார்த்துவிட்டு, ரொம்ப நேர்மையாகச் சொன்னார்.

"கதவு நல்லாத்தானே இருந்துச்சு."

"கதவா?"

"பதினாறு வருஷமா அதுக்கு மேல யாரும் என்னை உள்ள விட்டதில்லையேடா."

அக்காவுக்கு மூச்சு நின்றது. எனக்கு அந்த அமைதி தெரியும். தலையணை எதுவும் அங்கே இல்லை, காலி வீடு. அவள் கையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அது வெடித்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரு வருடமாக அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். சாமான் இல்லாத அறைகளில் அது முட்டி மோதி இரண்டு மடங்காகக் கேட்டது. தரகர் மாமாவின் பேனாவைக் கையில் பிடித்தபடியே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அந்தப் பக்கம் சர்க்கரை கலக்கும் சத்தம் நின்றது.

அக்காவும் நிறுத்திவிட்டாள். மூன்று பேரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. படியிறங்கி, படியேறி, செருப்புச் சத்தம் நாங்கள் இருந்த வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. மணி அடித்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றாள். நான்காவது முறையாக அவள் மன்னிப்புக் கேட்கத் தயாராகிக்கொண்டிருந்தாள், அது எனக்குத் தெரிந்தது.

மாமாதான் போய்த் திறந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு அம்மா நின்றாள். மாமாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, பார்சல் அண்ணனா? இந்த வீட்டுல யாரும் இல்லையே அண்ணே. குடுங்க, நான் வாங்கி வெச்சுக்கறேன்," என்று அவளும் பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் நீட்டினாள்.

"இன்னைக்குப் பார்சல் இல்லீங்கம்மா," என்றார் மாமா. "நாங்கதான் வந்திருக்கோம்."

அந்த அம்மா நீட்டிய கையை மடக்காமலே உள்ளே எட்டிப் பார்த்தாள். "அப்ப சிரிச்சது யாரு?"

"நான்தான்," என்றாள் அக்கா. பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. "மன்னிச்சிடுங்க, இனிமே—"

"எதுக்குச் சிரிச்சீங்க?"

"அது வந்து..."

"சொல்லுங்கம்மா, புண்ணியமாப் போகும். எங்க வீட்டுக்காரர் டீ குடிச்சுக்கிட்டிருந்தவரு, உங்க சிரிப்பைக் கேட்டுட்டுச் சிரிக்க ஆரம்பிச்சாரு. இப்ப நிறுத்த முடியலையாம். எதுக்குன்னாவது தெரிஞ்சுக்கிட்டு வான்னு என்னை அனுப்பிட்டாரு."

அப்போதுதான் எங்களுக்குக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் விக்கி விக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். நடுநடுவே இருமல். அக்கா ஒரு கணம் காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு மாமா சொன்னதை அந்த அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்து, 'கதவு' என்ற இடத்துக்கு மேல் அவளால் போக முடியவில்லை. மறுபடியும் வெடித்தது. அந்த அம்மாவும் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மாமா மட்டும் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், மிச்சக் கதையைச் சுவரைப் பார்த்து, அந்தப் பக்கத்து மனிதருக்காக, உரக்கச் சொல்லி முடித்தார்.

நான் தனியாக ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். துடைப்பக் கட்டையால் இடித்தவரும் சீட்டு எழுதியவரும் எனக்கு ஆகாதவர்கள். ஆனால் ஒன்பது அங்குலச் சுவர் தேடி அலைந்தவன் நான். அவர்கள் கேட்டதைத்தான் நான் நல்ல வண்ணம் பூசிக் கொடுக்கப் பார்த்தேன் என்று அப்போது உறைத்தது. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது, தரகர் பார்த்துவிடாமல் துடைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே முன்பணம் கொடுத்தார்கள். வாயடித்த பாவத்துக்கு வீட்டைச் சரிசெய்வது என் பொறுப்பாயிற்று. ஆள் வைத்து மேடையை உயர்த்தினேன், குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி மாட்டினேன், ஓதத்தைச் சுரண்டி எடுத்துக் காயவிட்டுப் பூசினேன். தெருவில் தினமும் யாராவது ஒருவர் என்ன நிறம் என்று வந்து பார்த்து, தங்கள் கருத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குக் கருத்து கேட்பதே பிடிக்காது. ஆனாலும் இரண்டு பேர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

கடைசியாகப் பொதுச் சுவர் மட்டும் மிச்சம். என்ன இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அளவெடுத்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, என் செலவு. இந்தப் பக்கம் முழுக்கப் பலகை அடிச்சு, நடுவுல பஞ்சு அடைச்சுத் தரேன். பாக்க அழகா இருக்கும். சத்தமும் போகாது."

அவள் சுவரில் கையை வைத்து நின்றாள். அந்தப் பக்கம் அந்த மனிதர் எதற்கோ இருமினார், அவர் மனைவி ஏதோ கேட்டாள், இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"வேண்டாம்டா," என்றாள் அக்கா. "அப்புறம் அவங்க சிரிக்கறது எனக்குக் கேக்காது."

நான் பிரஷ்ஷை எடுத்துப் பென்சில் கோட்டின் மேல் வண்ணத்தைப் பூசினேன்.