வேர்க்கடலைக்கு அடியில்

எண்பதுகளில் பெரிய மார்க்கெட்டுக்கு எதிரே ஒரு டிவி கடை இருந்தது. மாலையில் கண்ணாடிக்குப் பின்னால் ஓடும் டிவியைத் தெருவில் நின்று பத்துப் பேர் பார்ப்போம். விவசாய நிகழ்ச்சி தொடங்கியதும் கூட்டம் கலைந்துவிடும். மூலக்குளம் பஸ்ஸுக்காக நிற்கும் நானும் இன்னொருவரும்தான் மிஞ்சுவோம். அவருக்குத் தோள்வரை முடி, பெல்பாட்டம், கையில் கீரைப் பை. வேர்க்கடலைப் பூச்சியைப் பற்றித் திரையில் வேளாண்மை அதிகாரி பேசப் பேச, அவருடைய விரல்கள் கண்ணாடியில் தாளம் போடும்.

"நெலம் இருக்குதுங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தொட்டிச் செடிகூட இல்ல சார். மெட்ராஸ்ல எங்க ராக் கச்சேரிய டிவில நேரடியா காட்டினாங்க. நான் டிரம்ஸ். மேடையில இருந்ததால நான் பாக்கல. அப்புறம் டிவி ஸ்டேஷன்ல போய்க் கேட்டா, பதிவு பண்ணின டேப்ப அழிச்சிட்டு அதுமேல விவசாய நிகழ்ச்சிய எடுத்துட்டோம்னாங்க."

"வருத்தமா இல்லியா?"

"எதுக்கு? அடியில நாங்க இருக்கோம்ல. எந்த டேப்புன்னுதான் சொல்லல. அதான் தெனம் வரேன்," என்றார், பஸ் நேரம் சொல்வதுபோல.

இன்னொரு மாலை, அதிகாரி உரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது படம் குலைந்தது. திரை முழுக்கப் புள்ளிகள், ஒரே இரைச்சல். கடைக்காரர் அலுத்துக்கொண்டே டிவியின் தலையில் தட்டப் போனார்.

"கொஞ்சம் இருங்க," என்று இவர் கையமர்த்திவிட்டுக் கண்ணாடியில் காதை வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

மடத்தனம் என்று தெரிந்தும் நானும் பக்கத்தில் போனேன். அவர் சற்று நகர்ந்து என் காதுக்கு இடம் விட்டார்.